இரண்டு விரல் வித்தியாசம்

அத்தியாயம் 11

நார்சிஸின் வெள்ளைக் கால்சட்டைக்கு அன்று காலை பைத்தியம் பிடித்துவிட்டது.

வலது கால் தரையைப் பெருக்கியது. இடது கால் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. கோபுரம் ஏறும் நாட்களுக்கென்றே வைத்திருக்கும் கால்சட்டை. போன ஆண்டு திருவிழாவுக்குப் பிறகு இன்றுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது.

"எலிசெந்தா! இதைத் துவைச்சது யாரு? ஒரு பக்கம் சுருங்கிப்போயிருக்கு பாரு."

அவன் மனைவி குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாயில் நுரை. ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். அந்த வீட்டில் இப்போதெல்லாம் இரண்டு காலையும் ஊன்றிப் பல் துலக்குவது பெரிய குற்றம்.

"துணி சுருங்கல. நீ நிமிர்ந்திருக்கே."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மண்டியிட்டாள். கால்சட்டையின் விளிம்பைப் புரட்டினாள்.

"இடது பக்கத்தை யாரோ உள்ளே மடிச்சுத் தைச்சிருக்காங்களே. யாரு?"

"ரோஸர்தான். எப்பவோ தைச்சுக் கொடுத்தா."

"அப்படியா! உன் தங்கச்சிக்கு நீ கோணல்னு டாக்டருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. வாயைத் திறந்து சொல்லாம ஊசி நூலை எடுத்திருக்கா."

அது பாராட்டா, குத்தலா? நார்சிஸுக்குப் புரியவில்லை. கொஞ்ச நாளாகவே அவனுக்கு எதுவும்தான் புரியவில்லை.

பெனதேஸ் வட்டாரத்தின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் நார்சிஸ் வீடு வீடாக காஸ் சிலிண்டர் போடுகிறவன். லிஃப்ட் இல்லாத மாடிகளுக்கெல்லாம் வலது தோளில் சிலிண்டரைச் சுமந்தே ஏறியவன். அதே தோள்களோடுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச் சதுக்கத்தில் மனிதக் கோபுரத்தின் இரண்டாம் தட்டில் நிற்பான். எதிரே தங்கை ரோஸர். தட்டுக்கு இரண்டே பேர் நிற்கும் இரட்டைக் கோபுரம் அது. முகத்துக்கு முகம், கைக்குக் கை. அவர்கள் தோள்மேல் ஒவ்வொரு தட்டாக ஆட்கள் ஏறுவார்கள். உச்சியில் தலைக்கவசம் போட்ட சின்னப் பிள்ளை ஒன்று ஏறிக் கையைத் தூக்கும்.

குளிர்காலத்தில் நார்சிஸின் இடது கை மரத்துப்போனது. கோபுரத்தை மறந்துவிடச் சொன்னார் டாக்டர். "மறக்க வேண்டாம், முதல்ல நிமிரட்டும்" என்றாள் எலிசெந்தா. உடம்புப் பயிற்சி கொடுப்பதுதான் அவள் தொழில். கோபுரக் குழுவிலும் போன ஆண்டு தோள் பிசகியவர்களும் முட்டி போனவர்களுமாக இருந்ததால், எல்லாருக்குமே அடிப்படைப் பயிற்சி கொடுக்கும்படி அவளைக் கேட்டுக்கொண்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் வந்தார்கள். ரோஸர் மட்டும் வரவில்லை.

"எங்க அண்ணன் தயாராகட்டும், அப்ப நானும் ஏறுறேன். அவன் இல்லாம எனக்குக் கோபுரமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, இந்த ஆண்டு முழுக்கத் தரையில், கோபுரத்தைச் சுற்றி நெருக்கித் தாங்கும் அடிக்கூட்டத்தோடு நின்றுகொண்டாள். என்ன பாசம் என்று ஊரே உருகியது.

போன வாரம் ரோஸர் வீட்டுக் கொல்லையில் நடந்த கூத்துதான் உங்களுக்குத் தெரியுமே. பயிற்சி செய்யச் சொல்லி எலிசெந்தா ஆசையாகக் கொடுத்த ரப்பர் பட்டையால் தக்காளிச் செடிகளை இழுத்துக் கட்டியிருந்தாள் மகராசி. "செடிக்காவது உபயோகப்படட்டுமே அண்ணி" என்று பதில் வேறு. அங்கே ஆரம்பித்த சண்டை வியாழக்கிழமை ஒத்திகையில் பெரிதானது. அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நின்றபோது, குழுத்தலைவர் ஃபெரியோல் தோளுக்குத் தோள் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் வித்தியாசம். நார்சிஸ் உயரம், ரோஸர் குட்டை.

ஒரே தட்டில் நிற்கிறவர்களுக்குத் தோள் சமமாக இல்லாவிட்டால் மேலே ஏறுகிறவர்கள் சரிவார்கள். அடுத்த ஞாயிறு திருவிழா. இன்று கடைசி ஒத்திகை.

"இதுதான் எனக்குக் குழப்பமா இருக்கு," ரொட்டியில் தக்காளியைத் தேய்த்தபடியே சொன்னாள் எலிசெந்தா. "குளிர்காலத்துல உன்னை அளந்தேன். நேத்தும் அளந்தேன். நீ ஏறினது ஒரு விரல்தான். இன்னொரு விரல் எங்கேருந்து வந்துச்சு?"

"வளர்ந்திருப்பேன்."

"நாப்பத்திரெண்டு வயசுலயா? சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். எண்ணெய் வழிந்தது. எண்ணெய் டின்னைப் பார்த்ததும் அவனுக்குக் குளிர்காலம் ஞாபகம் வந்தது. நிறைந்த டின்னை இடது கையில் மட்டும் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் சாயாமல் மாடிப்படி ஏறி இறங்க வைத்தாள் இவள். தரையில் படுத்து இடுப்பைத் தூக்கு, சுவரில் முதுகை ஒட்டிக் கையை உயர்த்து, தலையணைமேல் ஒற்றைக் காலில் நில். கீழ்வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்காராத குறைதான்.

வலி போய்விட்டது, அதை அவன் மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிசயத்தை யாரிடம் போய்ச் சொல்வான்? கோணலாக இருந்தபோது நேராக இருப்பதாகத்தான் தோன்றியது. இப்போது கண்ணாடி நேர் என்கிறது, உடம்போ வலது பக்கம் விழப்போகிறாய் என்கிறது. யார் சொல்வதை நம்புவது?

குழுவின் பயிற்சிக்கூடத்தில் காபி வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து அடித்தன. குட்டிப் பிள்ளைகள் தலைக்கவசத்தோடு ஒன்றையொன்று முட்டி விளையாடிக்கொண்டிருந்தன. ரோஸர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். முடிதிருத்தும் கடை நடத்துகிறவள். தன் தலைமுடியைச் சிவப்பாக்கியிருந்தாள், திருவிழாவுக்கு.

"வாண்ணா, நெட்டை மரமே! அண்ணி, எங்க அண்ணனை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டிருந்தீங்கன்னா மாதா கோயில் மணியைக் கையாலேயே அடிச்சிருப்பான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எலிசெந்தா சிரிக்கவில்லை.

"காலை வணக்கம் ரோஸர். தக்காளி எப்படி இருக்கு?"

"நல்லா நிமிர்ந்து நிக்குது. அதுக்குக் கோபுரம் ஏறுற வேலை இல்ல பாருங்க."

"உனக்கு இருக்கே. அதனாலதான் வான்னு கூப்பிட்டேன். குளிர்காலம் பூரா கூப்பிட்டேன்."

"படுத்துக்கிட்டு காலைத் தூக்க நான் என்ன சீக்காளியா? இருபது வருஷமா இவன்கூட நிக்கிறேன். ஒரு தடவை சரிஞ்சிருக்கோமா? இவன் இந்தப் பக்கம் சாய்வான், நான் அந்தப் பக்கம் சாய்வேன், கோபுரம் நேரா நிக்கும். நீங்க வந்து ஒருத்தனை மட்டும் நிமிர்த்திட்டீங்க. எதிர்க் குழு வீட்டுப் பொண்ணு, வேற என்ன செய்வீங்க?"

எலிசெந்தாவின் அப்பா பக்கத்து ஊர்க் குழுவில் அடித்தட்டில் நின்றவர். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை இழுக்காமல் ரோஸருக்கு ஒரு சண்டை முடியாது.

"ரோஸர்!" என்றான் நார்சிஸ்.

"நீ சும்மா இருண்ணா."

"நீ சும்மா இரு நார்சிஸ்," என்றாள் எலிசெந்தாவும்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

ஃபெரியோல் ரசமட்டத்தைத் தோளில் சாய்த்தபடி வந்தார். கொத்தனார். சுவரானாலும் மனிதரானாலும் அவருக்கு ஒரே அளவுதான்.

"உங்க வீட்டுச் சண்டையை வெர்மூத் குடிக்கும்போது வெச்சுக்குங்க. எனக்குக் குமிழி நடுவுல நிக்கணும், அவ்வளவுதான். நிக்கலேன்னா, நார்சிஸ், மனசுல வெச்சுக்காதே, உன் இடத்துல ஹில்பெர்ட்டைப் போடுறேன். ரோஸர் உயரத்துக்கு அவன் சரியா வர்றான்."

இதென்ன நியாயம்? கோணலாக இருந்தவரை இடம் இருந்தது. நிமிர்ந்ததும் வெளியே போ என்கிறார்கள். ரோஸருக்கு எதிரே இன்னொருத்தன் நின்று அவள் கையைப் பிடிப்பதை நார்சிஸால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ரோஸர் சுவரை விட்டு விலகி முன்னால் வந்தாள். "ஹில்பெர்ட்டா? வேண்டவே வேண்டாம். எங்க அண்ணன்தான் நிப்பான். ஏண்ணா, பழைய மாதிரி நில்லேன். ஒரு வாரம்தானே? திருவிழா முடிஞ்சதும் அண்ணி இஷ்டத்துக்கு நிமிர்ந்துக்கோ."

"தோள்மேல ஆள் நிக்கும்போது வளைஞ்சு நிக்கச் சொல்றியா?" எலிசெந்தாவின் குரல் உயர்ந்தது. "கை மறுபடி மரத்துப்போச்சுன்னா? மேலே யார் ஏறுறாங்கன்னு தெரியும்ல?" தலைக்கவசப் பிள்ளைகளை நோக்கிக் கையை நீட்டினாள்.

"முதல்ல கச்சை கட்டிட்டு வாங்க. அப்புறம் அளப்போம்," என்று ஃபெரியோல் முடித்து வைத்தார்.

கச்சையை யாரும் தனியாகக் கட்ட முடியாது. அந்த நீளமான கறுப்புத் துணியின் ஒரு நுனியை ஒருவர் விறைப்பாகப் பிடிக்க, இன்னொருவர் மறுநுனியை இடுப்பில் வைத்துச் சுழன்று சுழன்று வந்து தன்னையே சுற்றிக்கொள்ள வேண்டும். ரோஸருக்கு எப்போதும் நார்சிஸ்தான் பிடிப்பான். வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

பின்பக்க நடையில் இருவர் மட்டும். அவன் பிடித்தான். அவள் சுழன்றாள்.

ஒரு சுற்று வந்ததும் நார்சிஸின் புருவம் சுருங்கியது. துணி ஒரு பக்கம் விறைத்து மறுபக்கம் தொய்ந்தது. ஒரு காலில் அழுத்திச் சுழல்கிறவள் அடுத்த காலில் அவசர அவசரமாகக் கடந்து போகிறாள். அவனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நம் கைதான் மாறிவிட்டதோ? புது உடம்பு, புதுக் கை. எதை நம்புவது?

ஆனால் கச்சை தீர்ந்துபோனது. வழக்கமாக அவன் கைக்குள் வந்து நின்றபிறகும் ஒரு சாண் மிஞ்சும். இன்று கடைசிச் சுற்று பாதியில் இருக்கும்போதே துணி முடிந்துவிட்டது.

"குண்டாயிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே நுனியைச் செருகப் போனான். விரலில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. சட்டைக்கு அடியில், இடுப்பு எலும்புக்கு மேலே. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பெல்ட்டின் விளிம்பு.

அவன் சிரிப்பு நின்றது.

"ரோஸர், என்ன இது?"

"ஒண்ணுமில்ல. கையை எடு."

"எப்போலேருந்து?"

அவள் நடையின் கதவைப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஈஸ்டர்லேருந்து. இடுப்புல ஆரம்பிச்சு இடது கால் வரைக்கும் இழுக்குது. சில நேரம் மரத்துப்போகுது. எப்பவும் இல்ல. நாள் பூரா கடையில நிக்கிறேன்ல, அதுதான்."

நார்சிஸின் தலைக்குள் மெல்ல மெல்ல ஒன்று விழுந்தது. எலிசெந்தா தேடிக்கொண்டிருந்த அந்த இன்னொரு விரல். அவன் ஒரு விரல் ஏறியிருக்கிறான். இவள் ஒரு விரல் இறங்கியிருக்கிறாள்.

"அண்ணன் இல்லாம ஏற மாட்டேன்னு சொன்னியே, அது இதுக்குத்தானா?"

ரோஸரின் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டுக்கும்தான். நம்பு, ரெண்டுக்கும்தான்."

"எலிசெந்தாகிட்ட சொல்லிடலாம். அவ சரி பண்ணிடுவா. என்னைப் பண்ணலையா?"

"உனக்கு எத்தனை மாசம் ஆச்சு! எனக்கு ஒரு வாரம்தான் இருக்கு." அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவை நான் ஏறலேன்னா, அடுத்த வருஷம் அந்த இடம் யாரோ சின்னப் பொண்ணுக்குப் போயிடும். அப்புறம் நான் செத்தாலும் மேலே போக முடியாது. வீட்டுல யாரு இருக்கா எனக்கு? கட்டினவனும் போயிட்டான். கடை, வீடு, தக்காளிச் செடி. அந்த ரெண்டு நிமிஷம் மேலே நிக்கும்போதுதாண்ணா நான் ஆளா இருக்கேன். ஒரே ஒரு கோபுரம். அப்புறம் உன் பொண்டாட்டி சொல்ற மாதிரியெல்லாம் காலைத் தூக்குறேன்."

"மேலே பிள்ளைங்க ஏறுதே ரோஸர்."

"நீ எதிர்ல இருக்கும்போது நான் விழமாட்டேன். விழுந்திருக்கேனா? நீ கொஞ்சம் இறங்கி நில்லு, அது போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. சொன்னேன்னா நான் உன் தங்கச்சியே இல்ல."

சொல்லவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. எதிர்க் குழு என்று கத்தினதெல்லாம் நடிப்பா, பயமா? பாசம் எது, ஏமாற்று எது? அவளுக்கே தெரியாது போலிருந்தது. நார்சிஸ் கச்சையின் நுனியைச் செருகிவிட்டான். நன்றாக இழுத்துச் செருகினான். அவள் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கூடத்தில் எல்லாரும் வட்டமாகக் கூடிவிட்டார்கள். ஹில்பெர்ட் ஓரமாகக் கைகளை உதறிக்கொண்டு நின்றான்.

அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நின்று கைகளைக் கோத்துக்கொண்டார்கள். ஃபெரியோல் ரசமட்டத்தைத் தோள்களில் வைத்தார். குமிழி நார்சிஸ் பக்கம் ஓடியது.

"ப்ச்" என்றார்.

ரோஸரின் கண்கள் அவன் கண்களை விட்டு நகரவில்லை.

நார்சிஸ் இடுப்பைத் தளர்த்தினான். பழைய உடம்பு எங்கும் போய்விடவில்லை, உள்ளேயே காத்திருந்தது. விலா மடங்கியது, தோள் இறங்கியது. குமிழி ஊர்ந்து ஊர்ந்து நடுவுக்கு வந்து நின்றது.

"ஆஹா!" என்று கத்தினார் ஃபெரியோல். கைதட்டல் எழுந்தது. யாரோ ஊதுகுழலை எடுத்து இரண்டு சுரம் வாசித்தார்கள். ஹில்பெர்ட்டின் முகம் தொங்கிப்போனது.

நார்சிஸின் இடது சுண்டுவிரலில் எறும்பு ஊர்ந்தது. குளிர்காலத்திலிருந்தே அந்த எறும்பை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு எலிசெந்தா வந்தாள். அவனைச் சுற்றி நடந்தாள். இடது விலாவுக்குக் கீழே ஒரு விரலை வைத்து அழுத்தினாள். இத்தனை மாதமும் தினம் தொட்டுத் தொட்டுப் பார்த்த இடம் அது.

"இது பழைய கோணல் இல்ல," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "பழைய கோணல்ல நீ மூச்சை அடக்க மாட்டே. இது நீயா வளைஞ்சது. யாருக்காக வளையுறே?"

சொல்லக் கூடாது என்றுதான் அவன் பார்வையைத் தாழ்த்தினான். தாழ்ந்த பார்வை போய் நின்ற இடம் ரோஸரின் கச்சை. ரோஸரின் நகங்கள் அவன் கைக்குள் இறங்கின.

எலிசெந்தாவும் அங்கேதான் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபத்தோடு வந்த முகத்தில் இப்போது கோபம் இல்லை. அதைப் பார்க்கத்தான் நார்சிஸுக்கு அதிகம் பயமாக இருந்தது.

"ஒரு நிமிஷம் தலைவரே," என்றாள். "ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் கச்சை இல்லாம அளந்துடலாம்."

"அண்ணி, எதுக்கு? அதான் சரியா இருக்கே!"

"சரியா இருந்தா அப்பவும் சரியாத்தான் இருக்கும்."

ரோஸரின் இடுப்பிலிருந்து கச்சையின் நுனியை எலிசெந்தாவே உருவினாள். உருவி, நார்சிஸின் கையில் வைத்தாள்.

"உன்னைத் தவிர யாரையும் பிடிக்க விடமாட்டாளே. பிடி."

நார்சிஸ் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கைவிட்டால் தங்கை பக்கம், பிடித்தால் மனைவி பக்கம். இந்தக் கணக்கே தப்பு என்று மட்டும் தெரிந்தது, சரியான கணக்கு எது என்று தெரியவில்லை. தங்கை மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவளுக்குப் பின்னால் மூலையில் தலைக்கவசப் பிள்ளைகள் வரிசையில் நின்று, எப்போது ஏறுவோம் என்று குதித்துக்கொண்டிருந்தன. அதில் மிகச் சின்னது இவனைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டியது, உச்சியில் காட்டுவதைப் போலவே.

அவன் நிமிர்ந்தான். இரண்டு காலையும் சமமாக ஊன்றினான். துணியை இழுத்துப் பிடித்தான்.

"சுத்து ரோஸர்," என்றான்.

அத்தனை பேர் பார்க்கும்போது அவள் எங்கே ஓடுவாள்? தலையை நிமிர்த்திக்கொண்டு, புதுச் சிவப்பு முடி பறக்க, ஒரு சுற்று சுற்றினாள். அடுத்த சுற்றில் அவளுடைய இடது கால் உடம்போடு சேர்ந்து வரவில்லை, மடங்கிவிட்டது.

முழு எடையும் துணி வழியாக அவன் கைக்கு வந்தது. நார்சிஸ் அசையவில்லை. சரிந்த ரோஸர் தரைக்கு ஒரு முழம் மேலே கறுப்புக் கச்சையில் தொங்கினாள். அவிழ்ந்த சட்டைக்கு அடியில் பெல்ட்டின் வெள்ளை விளிம்பு எல்லார் கண்ணிலும் பட்டது.

ஃபெரியோலின் கையிலிருந்து ரசமட்டம் நழுவி விழுந்தது. எலிசெந்தா ஓடிவந்து அவள் இடுப்பைத் தாங்கினாள். ரோஸர் அண்ணியின் கையைத் தட்டிவிட்டு, அவனை மட்டும் பார்த்தாள்.

"சொல்லிட்டியேண்ணா," என்றாள்.

அவன் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. கச்சையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.